டெலஸ்கோப்ல கோளாறா? திருகாணியைத் தொடுறதுக்கு முன்னாடி என்ன தெரியுதுன்னு பாருங்க

தென்னாப்பிரிக்காவுல, டர்பனுக்கு வடக்கால டொங்காட்ல இருக்கேன். வீட்டுக்குப் பின்னாடி ஒரு சிமெண்ட் தளம், அதைத் தாண்டி கொஞ்சம் புல்லு, ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மேடு பூரா கரும்பு. என்கிட்ட ரெண்டு டெலஸ்கோப் இருக்கு, ரெண்டுமே செகண்ட் ஹேண்ட். ஒண்ணு 8 இன்ச் (கண்ணாடியோட அகலம்) டாப்சோனியன், அதாவது தரையில உக்கார்ற பெட்டியில வச்சு கையால திருப்புற நியூட்டோனியன், ஃபோகல் லெங்த் (கண்ணாடி வெளிச்சத்தைக் குவிக்கிற தூரம்) 1200 மில்லிமீட்டர். இன்னொண்ணு 130 மில்லிமீட்டர் நியூட்டோனியன் (அடியில பெரிய கண்ணாடி, வாய்ப்பக்கம் சின்னக் கண்ணாடி வச்ச குழாய்), மோட்டார் வச்ச ஈக்வடோரியல் மவுண்ட்ல (வானம் சுத்துறதுக்கு ஏத்த மாதிரி கூடவே சுத்துற தாங்கி) உக்காந்திருக்கு.

8 இன்ச்சை வாங்கி முதல் வாரம் சனி கிரகத்தைப் பாத்தேன், உலைத்தண்ணி கொதிக்கிற மாதிரி தளதளன்னு ஆடுச்சு, வளையம் இருக்குன்னு தெரியுது ஆனா ஓரம் நிக்க மாட்டேங்குது. உடனே கண்ணாடி கோணிப்போச்சுன்னு முடிவு பண்ணி பின்னாடி இருக்கிற மூணு திருகாணியையும் ராத்திரி பதினோரு மணிக்கு இருட்டுல திருகுனேன். அப்புறம் நெஜமாவே கோணிப்போச்சு. அதைச் சரி பண்ண மூணு ராத்திரி ஆச்சு. நாலாவது ராத்திரி சும்மா சிமெண்ட் தளத்துல இருந்து புல்லுக்கு நகத்தி வச்சேன், சனி கம்முனு நின்னுச்சு.

அதனால இங்க எழுதுறது எல்லாத்துலயும் ஒரே எண்ணம்தான், முதல்ல மூடி, காத்து, தரை, கண்ணு இதெல்லாம் பாத்துட்டு, கடைசியாத்தான் திருகாணி. உங்களுக்கு என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

ஒண்ணுமே தெரியல, முழுக்க கருப்பு

சிரிக்காதீங்க, மூடியைப் பாருங்க. டாப்சோனியன்ல பெரிய மூடிக்குள்ள சின்னதா இன்னொரு மூடி இருக்கும், அந்தச் சின்னதை மட்டும் எடுத்துட்டு பெரியதை விட்டுட்டு பாக்கிறவங்க நிறைய பேர் (நானும்தான்). பிரச்சினை மூடி இல்லைன்னா அடுத்தது ஃபைண்டர் (குழாய் மேல ஒட்டியிருக்கிற, குறி பாக்கிற குட்டி டெலஸ்கோப்). ஃபைண்டர் ஒரு பக்கம் பாக்குது, குழாய் வேற பக்கம் பாக்குது, அவ்வளவுதான் விஷயம். இதை ராத்திரி சரி பண்ண முயற்சி பண்ணவே வேண்டாம். பகல்ல, ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கிற செல்போன் டவரோ தண்ணி டேங்கோ எதையாவது 25 மில்லிமீட்டர் ஐபீஸ்ல (கண்ணை வச்சுப் பாக்கிற லென்ஸ்) நடுவுல கொண்டு வந்துட்டு அப்புறம் ஃபைண்டரோட திருகுகளைத் திருகி அதே டவர் நுனியை அதுலயும் நடுவுக்குக் கொண்டு வாங்க. பகல்ல பண்ணும்போது சூரியன் இருக்கிற பக்கமே திருப்பாதீங்க, ஃபைண்டர் வழியா ஒரு நொடி பாத்தாலும் கண்ணு போயிடும், அது திரும்ப வராது. பிள்ளைங்க வெளையாடுற வீடுன்னா ஃபைண்டருக்கும் மூடி போட்டே வைங்க.

எப்பவும் பெரிய நம்பர் ஐபீஸ்ல ஆரம்பிங்க. 1200ஐ 25ஆல வகுத்தா 48 மடங்கு, 10ஆல வகுத்தா 120 மடங்கு. 120 மடங்குல தேடுறது கொட்டாங்கச்சி ஓட்டை வழியா ஊர்த் திருவிழாவுல பிள்ளையைத் தேடுற மாதிரி.

நட்சத்திரம் உளுந்த வடை மாதிரி தெரியுது, நடுவுல ஓட்டை

ஃபோகஸ் ஆகல. அந்த ஓட்டை உள்ள இருக்கிற சின்னக் கண்ணாடியோட நிழல். ஃபோகஸரை (ஐபீஸைப் பிடிச்சு உள்ளயும் வெளியவும் நகத்துற பாகம்) திருகுங்க, வடை சின்னதாகிட்டே போயி புள்ளியாகணும். உள்ளே தள்ளத் தள்ள சின்னதாகி, புள்ளியாகுறதுக்கு முன்னாடியே ஃபோகஸர் முட்டி நின்னுடுச்சுன்னா, நடுவுல தேவையில்லாத எக்ஸ்டென்ஷன் குழாய் ஒண்ணு இருக்கும், கழட்டுங்க. வெளிய இழுக்க இழுக்க சின்னதாகி அங்கேயும் பத்தலைன்னா ஐபீஸையே ஒரு விரக்கடை வெளிய இழுத்து திருகை இறுக்கிப் பாருங்க, புள்ளி வந்துச்சுன்னா அந்த எக்ஸ்டென்ஷனை மாட்டணும்னு அர்த்தம். ஐபீஸ் மாத்துற ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் மாறும், அது கோளாறு இல்ல.

தலைகீழா தெரியுது

நியூட்டோனியன்ல அப்படித்தான் தெரியும். வானத்துல மேலு கீழு கிடையாது, விட்டுடுங்க. அது தவிர, தமிழ்நாட்டுல நம்ம ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு வெறுங்கண்ணுக்கே இங்க எல்லாம் தலைகீழ்தான், நிலாவுல முயல் கவுந்து கிடக்கும், ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தலைகீழா நிக்கும், சூரியன் மத்தியானம் வடக்குப் பக்கம் போகும். ஒரு ஆறு மாசத்துல பழகிடும்.

உருவம் கொதிக்குது, ஆடுது, தெளிவா நிக்கல

இதுதான் என்னைத் திருகாணி பக்கம் அனுப்பினது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். ஆட்டம் மூணு இடத்துல இருந்து வரலாம், குழாய்க்குள்ள இருந்து, தரை, கூரையில இருந்து, இல்ல ரொம்ப மேல காத்து மண்டலத்துல இருந்து. மூணையும் ஒரே சோதனையில பிரிச்சிடலாம். நல்ல பிரகாசமான நட்சத்திரம் ஒண்ணை நடுவுல வச்சு வேணும்னே ஃபோகஸைக் கொஞ்சம் கெடுத்து பெரிய வடையாக்குங்க. அந்த வட்டத்துக்குள்ள என்ன ஓடுதுன்னு ஒரு நிமிஷம் பொறுமையா பாருங்க.

ஊதுபத்திப் புகை மாதிரி மெதுவா ஒரு பக்கமா சுருண்டு சுருண்டு எழும்புச்சுன்னா அது குழாய்க்குள்ள இருக்கிற சூடு. வீட்டுக்குள்ள இருந்த கண்ணாடி இன்னும் ஆறல. 8 இன்ச் கண்ணாடி ஒரு விரல் கனம் இருக்கும், அது வெளிக்காத்தோட சூட்டுக்கு இறங்க முக்கால் மணி நேரமாவது ஆகும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல வெளிய தூக்கி வச்சிட்டு சாப்பிட்டு வந்து பாருங்க. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணை கண்ணாடிக்குப் பின்னாடி கட்டி 12 வோல்ட் பேட்டரில ஓட விட்டா பாதி நேரத்துல ஆறிடும். பெரிய பெரிய வானாய்வுக் கூடங்கள்லயே இதுக்காகத்தான் பகல்லயே கூடத்தைக் குளிரா வச்சிருப்பாங்க, ராத்திரி திறக்கும்போது உள்ளயும் வெளியவும் ஒரே சூடு இருக்கணும்னு.

ஆத்துத் தண்ணி ஓடுற மாதிரி வட்டம் பூராவும் வேகமா ஒரே திசையில ஓடுச்சுன்னா அது மேல்காத்து. நம்மளால ஒண்ணும் செய்ய முடியாது. பெருக்கத்தைக் குறைங்க, 200 மடங்குல ஆடுறது 80 மடங்குல தெரியாது.

மூணாவது, ஒரு திசையில மட்டும் மோசமா இருந்து திரும்பி வேற பக்கம் பாத்தா நல்லா இருந்துச்சுன்னா, தரையும் கூரையும்தான். பகல் பூரா வெயில் குடிச்ச சிமெண்ட் தளமும் ஓட்டுக்கூரையும் நடுராத்திரி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும். புல்லுக்கு நகருங்க. பக்கத்து வீட்ல சனிக்கிழமை ப்ராய் போட்டிருந்தா அந்தக் கரி அடுப்புக்கு மேல இருக்கிற வானத்தை அன்னிக்கு மறந்துடுங்க, கறி குடுத்தா வாங்கிச் சாப்பிட்டுட்டு வேற பக்கம் பாருங்க.

இன்னொண்ணு, கிரகம் அடிவானத்துல இருந்து 30 டிகிரிக்குக் கீழ இருந்தா எந்த டெலஸ்கோப்ல பாத்தாலும் ஆடத்தான் செய்யும். உயர ஏறட்டும்னு காத்திருங்க. நம்ம பக்கம் குளிர்காலத்துல உள்நாட்டுல இருந்து பெர்க் விண்ட் சூடா அடிச்சு முடிஞ்சு, பின்னாலயே குளிர் வந்து வானத்தைக் கழுவி விட்ட மாதிரி ஆக்கிடும், ஐயோ என்ன தெளிவுன்னு ஓடிப்போய் கிரகத்தைப் பாத்தா ஆட்டம் தாங்காது. நட்சத்திரமெல்லாம் மினுக் மினுக்னு மின்னுற ராத்திரி நெபுலாவுக்கு (மங்கலான வாயு மேகம்) நல்லது, கிரகத்துக்கு ஆகாது. லேசா மூட்டமா, காத்தே அசையாம, புழுக்கமா இருக்கிற ராத்திரியிலதான் நான் வியாழனோட பட்டைகளை ரொம்ப நல்லா பாத்திருக்கேன்.

நட்சத்திரத்துக்கு வால் முளைச்சிருக்கு

இங்கதான் திருகாணி வருது, ஆனா அதுக்கும் முன்னாடி எங்க வால் இருக்குன்னு பாருங்க. நடுவுல புள்ளியா இருந்து ஓரத்துல மட்டும் வெளிப்பக்கமா வால் விரிஞ்ச மாதிரி இருந்தா அது கோமா, வேகமான ஃபோகல் ரேஷியோ (கண்ணாடி அகலத்துக்கு ஃபோகல் லெங்த் கம்மி) நியூட்டோனியன்ல பிறவிக் குணம், என்னோட 130ல நல்லாவே தெரியும், 8 இன்ச்ல கம்மி. விட்டுடுங்க.

நடுவுலயே கோடு மாதிரி நீண்டிருந்தா தலையைச் சாய்ச்சுப் பாருங்க. தலையோட சேந்து கோடும் சாயுதா? அப்போ கோளாறு உங்க கண்ணுல, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு பாருங்க. சாயலைன்னா ஐபீஸை அதே இடத்துல சுத்துங்க, அதோட சுத்துச்சுன்னா ஐபீஸ் கோளாறு. ரெண்டுக்கும் அசையலைன்னாதான் கண்ணாடிங்க பக்கம் போகணும். நட்சத்திரம் முக்கோணமா தெரிஞ்சா பெரிய கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற மூணு கிளிப்பும் இறுக்கமா இருக்கு, ஒரு பேப்பர் நுழையிற அளவுக்குத் தளர்த்தினா போதும்.

நடுவுலயே, ஒரே பக்கமா, வால்நட்சத்திரம் மாதிரி விசிறியிருந்தா, அது கொலிமேஷன், அதாவது ரெண்டு கண்ணாடியும் ஒரே நேர்ல இல்ல. பகல்லயே ஆரம்பிங்க. ஃபோகஸர் அளவுக்குப் பொருந்துற பிளாஸ்டிக் டப்பா மூடி ஒண்ணுல சரியா நடுவுல ஓட்டை போட்டு அதை ஃபோகஸர்ல செருகி அது வழியா பாருங்க. முதல்ல சின்னக் கண்ணாடி வட்டமா, நடுவுல இருக்கா. அப்புறம் அதோட திருகுகளால பெரிய கண்ணாடி முழுசும், அதைப் பிடிச்சிருக்கிற மூணு கிளிப்பும் தெரியிற மாதிரி. கடைசியா பெரிய கண்ணாடியோட மூணு திருகால, அது நடுவுல ஒட்டியிருக்கிற சின்ன வளையத்துக்குள்ள உங்க மூடியோட ஓட்டை வந்து உக்காரணும். கால் சுத்துக்கு மேல ஒரே தடவையில திருகாதீங்க. சின்னக் கண்ணாடியைத் திருகும்போது குழாயைப் படுக்க வச்சுக்கோங்க, ஸ்க்ரூடிரைவர் கை நழுவினா பெரிய கண்ணாடி மேலதான் விழும்.

லேசர் கொலிமேட்டர் வச்சிருக்கிறவங்க முதல்ல லேசரையே சந்தேகப்படுங்க. ஃபோகஸர்ல வச்சு மெதுவா சுத்துங்க, கண்ணாடி மேல சிவப்புப் புள்ளி ஒரே இடத்துல நிக்காம வட்டம் போட்டுச்சுன்னா லேசரே கோணல், அதை நம்பி திருகினீங்கன்னா என் கதைதான். என்னுடையது வட்டம் போட்டுச்சு, இப்போ அது பூனைக்கு வெளையாட்டுச் சாமான்.

ராத்திரி கடைசிச் சோதனை நட்சத்திரத்துலதான். 150 மடங்கு வச்சு, நட்சத்திரத்தைக் கண்டிப்பா நடுவுல வச்சு, ஃபோகஸைத் துளி கெடுத்தா வளையம் வளையமா தெரியும், எல்லா வளையமும் ஒரே மையத்துல இருக்கணும். பூமியோட வடக்குப் பாதியில எழுதுன கையேடு எல்லாத்துலயும் இதுக்குத் துருவ நட்சத்திரத்தை வைங்கன்னு எழுதியிருக்கும், அது நகராதுங்கிறதால. நமக்கு அது அடிவானத்துக்குக் கீழ, எந்தக் காலத்துலயும் வராது. நான் தெற்கு முக்கோணத்துல இருக்கிற அட்ரியாவை வைக்கிறேன், ஜூலை சாயங்காலத்துல நல்ல உயரத்துல இருக்கும், துருவத்துக்கு ஓரளவு கிட்ட இருக்கிறதால மெதுவாத்தான் நகரும், திருகிட்டு வந்து பாக்க நேரம் குடுக்கும். முடிஞ்சதும் ஆல்ஃபா சென்டாரியைப் பாருங்க, ரெண்டா பிரிஞ்சு ரெண்டு தனித்தனி புள்ளியா, நடுவுல கருப்பு இடைவெளியோட தெரிஞ்சா வேலை சரியா முடிஞ்சது.

அலுப்பா இருந்தா இங்க தென்னாப்பிரிக்காவுலயே சதர்லாண்டுல இருக்கிற சால்ட்ங்கிற பெரிய தொலைநோக்கியை நினைச்சுக்கோங்க, 2005ல திறந்தது, அதோட கண்ணாடி 91 அறுகோணத் துண்டுங்க சேந்தது, எல்லாத் துண்டையும் ஒண்ணா ஒழுங்குபடுத்துறதுக்குன்னே பக்கத்துல தனியா ஒரு கோபுரம் கட்டி வச்சிருக்காங்க. நமக்கு ஒரே கண்ணாடி, மூணே திருகு.

நல்லா தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, போகப் போக மங்குது

பனி. டிசம்பர், ஜனவரியில இந்தக் கடலோரத்துல வானம் திறக்கிறதே அபூர்வம், திறந்த அன்னிக்கு ஒன்பது மணிக்கெல்லாம் குழாய்ல கை வச்சா கையெல்லாம் தண்ணி. நியூட்டோனியன்ல பெரிய கண்ணாடி குழாயோட அடியில ஒளிஞ்சிருக்கிறதால அது கடைசியாத்தான் நனையும். முதல்ல போறது ஃபைண்டர், அடுத்தது ஐபீஸ், அப்புறம் சின்னக் கண்ணாடி. அதனால மங்குச்சுன்னா இந்த வரிசையில டார்ச் அடிச்சுப் பாருங்க.

துணியால துடைக்காதீங்க, லென்ஸ் துணியா இருந்தாலும் சரி. ஹேர் டிரையரை குறைஞ்ச சூட்டுல தள்ளி வச்சு ஊதுங்க, காஞ்சிடும், ஆனா அரை மணி நேரத்துல திரும்ப வரும். நிரந்தர வழின்னா குழாய் வாய்க்கு ஒரு சட்டை மாதிரி கேம்பிங் பாயை வெட்டிச் சுத்தி, குழாய் விட்டத்துல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி கட்டுங்க. ஃபைண்டருக்கு பழைய சாக்ஸ், பாக்கெட்ல வைக்கிற கை சூடாக்குற பை ஒண்ணை ரப்பர் பேண்ட் போட்டு கட்டுனா ராத்திரி பூரா தாங்கும். உபயோகத்துல இல்லாத ஐபீஸை சட்டைப் பைக்குள்ள வச்சுக்கோங்க. பாக்கும்போது மூச்சை மூக்கால கீழ விடுங்க, டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் குளிர்ல போய் பாக்கிறவங்களுக்கு ஒரு பெருமூச்சே போதும் ஐபீஸ் உறைஞ்சுபோக.

முடிச்சதும் நனைஞ்ச டெலஸ்கோப்பை மூடி போட்டு பொட்டிக்குள்ள வைக்காதீங்க. உள்ள கொண்டு போய் குழாயைப் படுக்க வச்சு திறந்தே விட்டுட்டு, காலையில காஞ்சதைப் பாத்து மூடுங்க. ஈரத்தோட மூடினா பூஞ்சை பிடிக்கும், நம்ம ஈரப்பதத்துக்கு ஒரு மழைக்காலம் போதும்.

கண்ணாடில கருப்புத் துணுக்கு

இது இந்த டொங்காட் பக்கத்து வியாதி. கரும்பு வெட்டுற சீசன்ல வெட்டுறதுக்கு முன்னாடி தோகையைக் கொளுத்துவாங்க, சாம்பல் கருப்புப் பூ மாதிரி காத்துல மிதந்து வந்து துணிக்கொடி, காரு, டெலஸ்கோப் எல்லாத்து மேலயும் உக்காரும். எங்க பக்கத்து வீட்டுப் பெரியவரோட தாத்தா இந்தக் கரும்புக்காகத்தான் மதராஸ்ல இருந்து கப்பலேறி வந்தவரு. இவரு தமிழை முக்கால்வாசி மறந்துட்டாலும் வேலி வழியா எட்டிப் பாத்து, "தம்பி, இன்னிக்கு கேன் பத்த வைப்பான், குழாயை மூடு"ன்னு (கேன்னா கரும்பு) மட்டும் தவறாம சொல்லிடுவாரு. காத்து எந்தப் பக்கம்னு பாத்தே சொல்றாரு, வானிலை ஆப்பை விட அவரு சரியா இருக்கு.

சாம்பல் விழுந்துடுச்சுன்னா தேய்க்கவே கூடாது. கரும்புச் சாம்பல்ல சிலிக்கா நிறைய, மணல் மாதிரி கீறும், அதுல ஈரமும் சேந்தா அலுமினியப் பூச்சுக்கு நல்லதில்ல. ரப்பர் பந்து வச்சு ஊதி விடுங்க. ஊதியும் போகாதது கொஞ்சம் இருந்தா அப்படியே விடுங்க, பத்து இருபது துணுக்கு கண்ணுக்குத்தான் அசிங்கம், உருவத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது. நிஜமாவே அழுக்காகிட்டா கண்ணாடியைக் கழட்டி வெதுவெதுப்பான குழாய்த் தண்ணியில காட்டி, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, கையே படாம அலசி, கடைசியா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி செங்குத்தா சாய்ச்சு வச்சு காய விடுங்க. மாட்டுனதும் கொலிமேஷன் திரும்பப் பாக்கணும். நான் நாலு வருஷத்துல ஒரு தடவைதான் கழுவினேன்.

மோட்டார் ஓடுது, ஆனா நட்சத்திரம் ஓடிப்போகுது

எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு பாருங்க. மோட்டாரே இல்லாம நின்னா, ஒரு டிகிரி அகலம் தெரியிற ஐபீஸ்ல வான நடுக்கோட்டுப் பக்கம் (பூமத்திய ரேகைக்கு நேர் மேல வானத்துல போற கோடு) இருக்கிற நட்சத்திரம் நாலு நிமிஷத்துல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் போகும். மோட்டார் போட்டப்புறம் ரெண்டே நிமிஷத்துல போச்சுன்னா, உங்க மோட்டார் வடக்கு உலகத்துக்கு ஓடிக்கிட்டு இருக்கு, வானம் ஒரு பக்கம், அது எதிர்ப்பக்கம். கன்ட்ரோலர்ல ‘வடக்கு, தெற்கு’ன்னு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், தெற்குக்குத் தள்ளுங்க. பழைய ஆளு வெளிநாட்ல இருந்து கொண்டு வந்த மவுண்டை வாங்கி ஒரு வாரம் மோட்டார் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்த ஒருத்தரை எனக்குத் தெரியும், கண்ணாடியில பாத்தா தெரிவாரு.

மெதுவா, அஞ்சு பத்து நிமிஷத்துல நழுவுச்சுன்னா மவுண்டோட அச்சு தெற்குத் துருவத்தைப் பாக்கல. மூணு தப்பு இங்க எல்லாரும் பண்றோம்.

ஒண்ணு, கம்பஸ். சென்னைலயோ திருநெல்வேலிலயோ கம்பஸ் வடக்கும் நெஜ வடக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அந்தப் பழக்கத்துல இங்கயும் நம்பிடுவோம். டர்பன் பக்கம் கம்பஸ் முள்ளு நெஜ வடக்குல இருந்து 20 டிகிரிக்கும் மேல மேற்கே திரும்பி நிக்கும். கம்பஸ் காட்டுற தெற்கைப் பாத்து நின்னீங்கன்னா நெஜத் தெற்கு உங்க வலது கைப் பக்கம் அவ்வளவு தூரம் தள்ளி இருக்கு. போன்ல இருக்கிற கம்பஸ்ல ‘உண்மை வடக்கு’ன்னு செட்டிங் இருந்தா போடுங்க, மவுண்டோட இரும்புக்குப் பக்கத்துல வச்சுப் பாக்காதீங்க.

ரெண்டு, தெற்குச் சிலுவை, நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிக்கிறது. நம்ம ஊர்ல சித்திரை, வைகாசியில தெற்கே தாழ்வா தெரியிற அதே திரிசங்கு இங்க நல்ல உயரத்துக்கு ஏறும். அதோட நீளக் கட்டையை கால் பக்கமா நாலரை மடங்கு நீட்டினா துருவம் வரும். ஆனா வானத்துல பொய்ச்சிலுவை ஒண்ணு இருக்கு, கொஞ்சம் பெருசு, கொஞ்சம் மங்கல், அவசரத்துல அதைப் பிடிச்சிடுவோம். நெஜச் சிலுவைக்குப் பக்கத்துலயே ஆல்ஃபா, பீட்டா சென்டாரி ரெண்டும் காவக்காரங்க மாதிரி நிக்கும், அந்த ரெண்டும் இல்லைன்னா அது பொய். நவம்பர் சாயங்காலத்துல சிலுவை அடிவானத்துல கெடக்கும், அப்போ மேகத் திட்டு மாதிரி மங்கலா தெரியிற ரெண்டு மெகல்லன் மேகங்களைப் பாருங்க (இருட்டான இடம்னா), அது ரெண்டும் துருவமும் சேந்து சம முக்கோணம் மாதிரி வரும்.

மூணு, துருவத்துக்கு ஒரு டிகிரி தள்ளி சிக்மா ஆக்டான்டிஸ்னு ஒரு நட்சத்திரம் இருக்கு, அதோட பிரகாசம் 5.4 (நம்பர் கூடக் கூட மங்கல்), டொங்காட் வெளிச்சத்துல வெறுங்கண்ணுக்குச் சுத்தமா தெரியாது. அதைத் தேடி ராத்திரியை வீணாக்காதீங்க. அச்சோட உயரத்தை 30 டிகிரிக்கு வைங்க (நம்ம அட்சரேகை கிட்டத்தட்ட அதுதான்), தெற்கே திருப்புங்க, மிச்சத்தை நழுவல் பாத்து சரி பண்ணுங்க. எப்படின்னா, உச்சியில இருந்து வடக்கால, வான நடுக்கோட்டுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரத்தை வச்சு அஞ்சு நிமிஷம் பாருங்க. வடக்கால நழுவுச்சுன்னா அச்சோட தெற்கு முனை கிழக்கே திரும்பியிருக்கு, மேற்கே தள்ளுங்க. தெற்கால நழுவுச்சுன்னா எதிர்ப்பக்கம். அடுத்தது கிழக்குல தாழ்வா ஒரு நட்சத்திரம், அது வடக்கால நழுவினா அச்சு தாழ்ந்திருக்கு, தூக்குங்க. ஐபீஸ்ல எது வடக்குன்னு குழம்புச்சுன்னா குழாயை லேசா வடக்குப் பக்கம் தள்ளுங்க, எந்த ஓரத்துல இருந்து புது நட்சத்திரம் உள்ள வருதோ அதான் வடக்கு. படம் எடுக்காம வெறும் கண்ணால பாக்கிறவங்களுக்கு இவ்வளவு கூட வேண்டாம், கம்பஸைத் திருத்தி வச்சாலே அரை மணி நேரம் கிரகம் ஐபீஸுக்குள்ள நிக்கும்.

கோட்டோ (GoTo, பேரைச் சொன்னா தானா திரும்புற மவுண்ட்) வேற எங்கயோ போய் நிக்குது

பாதி நேரம் நம்ம குடுத்த தகவல்தான் தப்பு. அட்சரேகைல தெற்கு போடணும், டொங்காட்டுக்கு 29 டிகிரி 34 நிமிஷம் தெற்கு, 31 டிகிரி 7 நிமிஷம் கிழக்கு. நேர மண்டலம் கூட்டல் 2, டேலைட் சேவிங் ‘இல்லை’. தேதியை நிறைய கன்ட்ரோலர்ல அமெரிக்கா முறையில மாசத்தை முதல்ல கேக்கும், ஜூலை 3ஐ மார்ச் 7னு போட்டா மொத்த வானமும் நாலு மாசம் தள்ளிப்போயிடும்.

அலைன்மென்ட்ல (ரெண்டு மூணு நட்சத்திரத்தைக் காட்டி மவுண்டுக்கு வானத்தைப் பழக்குறது) ரைஜில் கென்டாரஸ்னு வரும், அது ஆல்ஃபா சென்டாரி. ரைஜெல்னு வேற ஒண்ணு வரும், அது ஓரியனோட கால். பேரை அவசரமா படிச்சு இதை அதுன்னு ஓகே குடுத்துட்டு மவுண்டைத் திட்டினதுண்டு. பழக்கத்துக்கு அகத்தியர் நட்சத்திரம் நல்லது, கனோபஸ்னு வரும், தை மாசத்து ராத்திரியில ரொம்ப உயரத்துல பளிச்சுனு நிக்கும், பக்கத்துல குழப்ப வேற ஆள் கிடையாது.

மவுண்ட் நடுவுல தானா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா வோல்ட்டேஜ். பேட்டரி தளந்திருக்கும், இல்லைன்னா கார் லைட்டர் சொருகி ஆடிக்கிட்டு இருக்கும். அந்தச் சொருகி மாதிரி ஒரு கேவலமான கண்டுபிடிப்பை நான் பாத்ததில்ல, வெட்டிப் போட்டுட்டு நேரா கிளிப் வச்சிட்டேன்.

தொட்டா ஆடுது, தலைக்கு மேல திரும்ப மாட்டேங்குது

குழாயை விரலால தட்டுங்க, மூணு நாலு செகண்டுல அடங்கணும். அடங்கலைன்னா ட்ரைபாட் காலை முழுசா நீட்டாம பாதியில நிறுத்துங்க, நடுவுல அஞ்சு லிட்டர் தண்ணிக் கேனைத் தொங்க விடுங்க. மரத்தளத்துல வைக்காதீங்க, சமையக்கட்டுல யாராவது நடந்தா சனி டான்ஸ் ஆடும். டாப்சோனியன் திருப்பும்போது ஒட்டி ஒட்டி வெடுக்குனு நகர்ந்தா அடிப்பலகைல மெழுகுவத்தியைத் தேய்ச்சு பாலிஷ் பண்ணுங்க.

உச்சிக்கு நேரா பாக்கும்போது டாப்சோனியன் பக்கவாட்டுல திரும்பாது, அதோட அமைப்பே அப்படி. நமக்கு இதுல ஒரு தனி வேதனை என்னன்னா, பால்வெளியோட நடுப்பகுதி நம்ம அட்சரேகைல ஜூலை ராத்திரியில சரியா உச்சந்தலைக்கு மேல வரும், ஊர்ல இருந்து பாத்தா தெற்கே சாய்ஞ்சு தெரியிறது இங்க மொட்டை மாடிக்கு நேர் மேல, ஆனா டெலஸ்கோப் அங்க மட்டும் முரண்டு பிடிக்கும். ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ பாத்துடுங்க. உச்சியில இருக்கும்போது பாயைப் போட்டு படுத்துக்கிட்டு பைனாகுலர்ல பாருங்க, நான் அதைத்தான் செய்றேன்.

போட்டோல கலரா இருக்கு, எனக்குச் சாம்பலா மேகம் மாதிரிதான் தெரியுது

ரிப்பேர் இல்ல. மங்கல் வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கு நிறம் தெரியாது. அந்தச் சாம்பலையே நல்லா பாக்க அரை மணி நேரம் இருட்டுல கண்ணைப் பழக்கணும், நடுவுல வாட்சப் சத்தம் கேட்டு போனை எடுத்தா திரும்ப முதல்ல இருந்து. சிவப்பு செலோபேன் சுத்துன டார்ச் போதும். நேரா பாக்காம கொஞ்சம் ஓரமா பாத்தா மங்கலானது பளிச்சுனு தெரியும். பக்கத்து வீட்டு செக்யூரிட்டி லைட் கண்ணுல அடிச்சா தலைமேல கருப்புத் துணியைப் போட்டுக்கோங்க. 2022, 2023ல லோட்ஷெட்டிங் (முறை வச்சு மின்வெட்டு) தெனமும் நடந்தப்போ எல்லாரும் சபிச்சுக்கிட்டு இருந்தாங்க, நான் மட்டும் அட்டவணையைப் பாத்து டெலஸ்கோப்பை வெளிய தூக்குவேன், டொங்காட்ல இருந்து பால்வெளி தெரிஞ்ச ராத்திரிகள் அது.

முதல்ல ஒமேகா சென்டாரிங்கிற நட்சத்திரக் கொத்தைப் பாருங்க, 8 இன்ச்ல சக்கரையைக் கருப்புத் துணியில கொட்டுன மாதிரி இருக்கும், அதுக்கு நிறமே வேண்டாம். ஆல்ஃபா சென்டாரிக்கு ரெண்டு டிகிரி தள்ளி ப்ராக்ஸிமாவும் இருக்கு, சூரியனுக்கு அடுத்து நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற நட்சத்திரம், 1915ல ஜோஹன்னஸ்பர்க்ல இருந்துதான் ராபர்ட் இன்னஸ் அதைக் கண்டுபிடிச்சாரு. பிரகாசம் 11தான், வரைபடம் இல்லாம தேடாதீங்க, கிடைச்சாலும் ஒரு மங்கல் புள்ளி. எனக்கு அது கிடைக்க அஞ்சு ராத்திரி ஆச்சு.

டார்ச் வெளிச்சம் முகத்துல அடிக்குது, "கையைத் தூக்கு"ங்கிறாங்க

இது டெலஸ்கோப் கோளாறு இல்ல, ஆனா நடந்தது. கருப்புத் துணியைத் தலையில போட்டுக்கிட்டு நடுராத்திரி வேலியோரம் ஒருத்தன் பீரங்கி மாதிரி ஒரு குழாயோட குந்தியிருந்தா தெருவுல யாராவது செக்யூரிட்டிக்கு போன் போடத்தான் செய்வாங்க. ரெண்டு பேர் துப்பாக்கியோட வந்தாங்க. நான் கையைத் தூக்கிக்கிட்டே "சார், சாட்டர்ன்"னு சொன்னேன், வேற வார்த்தை வரல. ஒருத்தர் நம்பாம குனிஞ்சு பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு, அப்புறம் இன்னொருத்தரைக் கூப்பிட்டாரு. இப்போ வெளிய உக்காரப் போற அன்னிக்கு தெரு வாட்சப் குரூப்ல ஒரு வரி போட்டுட்டுத்தான் மூடியைக் கழட்டுறேன்.